மலையகத்தில் முட்டைக் கோழிகளுக்கு இலை தழை: எதைக் கொடுப்பது, எவ்வளவு, எப்படி

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் கோழித்தீன் விலை எகிறியது. சிறிய பண்ணைகள் பல மூடப்பட்டன. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. லயத்துக்குப் பின்னால் பத்து இருபது கோழி வளர்ப்பவர்களிடையே இலை தழை பற்றிய பேச்சு அப்போது கூடியது, இன்றும் ஓயவில்லை. முருங்கை இலை போட்டால் முட்டை கூடும், வெள்ளைப்பூடு கொடுத்தால் நோய் அண்டாது, மஞ்சள் போதும் மருந்து வேண்டாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். இவற்றில் உண்மையும் இருக்கிறது, கூட்டிச் சொன்னதும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலை தழையால் முட்டைக் கோழிக்குக் கிடைக்கும் பெரிய நன்மை சத்தைவிட வேலைதான். நாள் முழுக்கக் கிளறி, கொத்தி, கிழித்துத் தேடுவதற்கென்றே பிறந்த பறவை அது. அதை நான்கு தகரத்துக்குள் அடைத்துத் தீன் தொட்டியை மட்டும் முன்னால் வைத்தால், கொத்துவதற்கு மிஞ்சுவது பக்கத்துக் கோழியின் இறகுதான். இந்த வழிகாட்டி 10 முதல் 50 முட்டைக் கோழி வரை வைத்திருப்பவர்களுக்கானது. கணக்குகளை 20 கோழிக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இலைக்கு முன் கூட்டைப் பாருங்கள்

மலையகத்தில் கோழிக்கு முதல் எதிரி குளிர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். குளிரைவிட ஈரம் மோசம். இறகு காய்ந்து, வயிறு நிறைந்து, காற்று நேரே அடிக்காமல் இருந்தால் நுவரெலியாவின் தை மாதக் குளிரையும் வளர்ந்த கோழி தாங்கிவிடும். நனைந்த படுக்கையில் நின்றுகொண்டு தன் எச்சத்தின் ஆவியையே மூச்சில் இழுப்பதை அதனால் தாங்க முடியாது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேன பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும்போது இதுதான் நடக்கிறது.

காலையில் கூட்டைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தாலோ மூக்கு உறுத்தினாலோ அமோனியா அளவுக்கு மேல் இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டாலும் மூக்கு பழகிவிடும், அதனால் திறந்த உடனேயே பார்க்க வேண்டும். அடுத்து, படுக்கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உமி, மரச்சீவல், நன்றாகக் காய்ந்து நறுக்கிய மானாப்புல் எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குளிருக்குப் பயந்து சாக்கைக் கட்டிக் கூட்டை முழுக்க மூடாதீர்கள். கீழ்ப்பகுதியை அடைத்து, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால் ஈர ஆவி மேலே போய்விடும், காற்றும் கோழி மேல் படாது.

அப்புறம், உட்காரும் கட்டை ஒரு கோழிக்கு 15 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். விளிம்பு மழுங்கியிருக்கட்டும், அதிக உயரமும் வேண்டாம். முட்டை போடும் கோழியின் நெஞ்செலும்பு எளிதில் விரிசல் விடும். மேலிருந்து குதித்து இறங்குவதும் அதற்கு ஒரு காரணம். ஐந்து முதல் ஏழு கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி, சற்று இருட்டான மூலையில். ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் பழைய கம்பிக் கூண்டுகளைத் தடை செய்துவிட்டது. கூண்டில்லாமல் வளர்ப்பவர்களுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 9 கோழிக்கு மேல் கூடாது என்பது அங்குள்ள சட்டம். நம் ஈரத்துக்கு 5 அல்லது 6தான் நல்லது என்பேன்.

இவை சரியாகும்வரை எந்த இலைக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

படி 2: அடிப்படைத் தீனைக் குறைக்காதீர்கள்

நன்றாக முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீன் தின்னும், அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். குளிரான இடத்தில் உடம்புச் சூட்டுக்காக இன்னும் கொஞ்சம் கூடத் தின்னும். முட்டைக் கோழிக்கென்றே கடையில் விற்கும் லேயர் மாஷ் தீனில் 16 முதல் 18 சதவீதம் புரதமும் கல்சியமும் கணக்காகச் சேர்த்திருக்கும். இலையில் பெரும்பகுதி தண்ணீர். காலையிலேயே இலையை வாரிப் போட்டால் இரைப்பை நிறைந்துவிடும், தீன் அப்படியே கிடக்கும். சில வாரங்களில் முட்டை சிறுக்கும், ஓடு மெலியும், இறகு கொத்தல் ஆரம்பிக்கும். பழியோ இலைமேல் விழும். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டுமே போட்டு வளர்ப்பதிலும் இதே சிக்கல்தான். வயிறு நிறையும், ஆனால் மெத்தியோனின், லைசின் என்கிற புரதக் கூறுகள் போதாது. இறகு முளைக்க மெத்தியோனின் அவசியம்.

கல்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், அதில் பெரும்பகுதி கோழி எதுவும் தின்னாத இரவு நேரம். அந்த நேரத்தில் உடம்பில் கல்சியம் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். அதனால் அரிசிக் குருணை அளவில் உடைத்த சிப்பியை ஒரு தனிச் சட்டியில் பின்னேரம் வையுங்கள். பொடியாக அரைத்தது வேண்டாம். பெரிய துண்டுகள் கற்குடலில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். அடுப்பில் நன்றாகச் சூடுகாட்டி நொறுக்கிய முட்டை ஓடும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. தோட்டங்களில் தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைற் மூட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, பார்க்கவும் சுண்ணாம்புத்தூள் போலவே இருக்கும் என்று அதைக் கோழிக்கு வைக்கக் கூடாது. அதில் மக்னீசியம் அதிகம். கல்சியம் உடம்பில் சேர்வதை அது கெடுக்கும், கழிச்சலும் வரும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்குச் சிப்பியும் வேண்டாம், அவற்றின் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

வெளிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். முட்டைக்கு 14 முதல் 16 மணி நேரம் நல்லது. மிச்சத்தை விடியற்காலையில் ஒரு சிறு பல்பு போட்டுக் கூட்டுங்கள். இரவில் பல்பைத் திடீரென அணைத்தால் கட்டையில் ஏறாத கோழி இருட்டில் தடுமாறும். 16 மணி நேரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம், தூக்கமும் அதற்கு வேண்டும்.

படி 3: உங்கள் உயரத்தில் வளர்வதைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவிலோ யாழ்ப்பாணத்திலோ சொல்லும் பட்டியலை அப்படியே எடுத்தால் மலையகத்தில் பாதி உதவாது. பதுளை சுமார் 680 மீற்றர், கண்டி 500 மீற்றர். அங்கே முருங்கை நன்றாக வரும், வற்றாளைக் கொடி படரும், தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவும் பெருகும். பண்டாரவளையும் ஹட்டனும் 1,200 மீற்றருக்கு மேல், அங்கே முருங்கை தயங்கித் தயங்கித்தான் வளரும். நுவரெலியா 1,860 மீற்றருக்கு மேல். அங்கே முருங்கையையோ வேம்பையோ நட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அசோலாவும் குளிரில் சுணங்கிவிடும்.

உயரமான இடத்துக்கு நான் முதலில் சொல்வது கரட். கிழங்கையும் தழையையும் சேர்த்தே கொடுக்கலாம். சந்தைக்குப் போகாத முறிந்த கரட் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் சும்மாவே கிடைக்கும். அடுத்தது கோவா, நோக்கோல் இலை, பீட்ரூட் இலை, சௌ சௌ காயும் அதன் கொழுந்தும். வேலியோரம் முசுக்கட்டை, அதாவது பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி, இரண்டு மூன்று செடி வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலையில் புரதமும் உண்டு. பொன்னாங்காணி, முளைக்கீரை, வல்லாரை எல்லாம் நல்லவை. பீட்ரூட் இலையிலும் சில கீரைகளிலும் புளிப்புச் சத்தான ஒக்சலேற் இருக்கிறது, அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் அதையே போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மஞ்சள் கருவின் நிறத்துக்காக இலை போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கரட் போட்டால் கரு சிவக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், பெரிதாக மாறாது. கரட்டின் நிறச்சத்தைக் கோழி பெரும்பாலும் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கருவுக்கு நிறம் தருவது கரும்பச்சை இலைகளிலும் செண்டுமல்லிப் பூவிதழிலும் சோளத்திலும் இருக்கும் வேறொரு நிறச்சத்து. கோவாவின் உள் வெள்ளை இலையில் அது இல்லை. சிவப்பு மிளகாய்த் தூள் கருவைச் செம்மஞ்சளாக்கும், கோழிக்கு உறைப்பும் தெரியாது. ஆனால் நிறத்தைப் பார்த்து முட்டையின் சத்தை முடிவுசெய்யாதீர்கள்.

படி 4: வாசலிலேயே நிறுத்த வேண்டியவை

பட்டர் புரூட் என்று நாம் சொல்லும் அவகாடோ மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதன் இலை, தோல், கொட்டை எல்லாவற்றிலும் பறவையின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. பழமும் வேண்டாம். கோழி திரியும் இடத்தில் அந்த மரம் நின்றால் விழும் காய்களை அன்றாடம் பொறுக்கிவிடுங்கள்.

பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, அதன் தோல், முளை, செடி இலை நான்கும் நஞ்சு. வெங்காயத் தாளும் லீக்ஸும் அதிகமானால் இரத்தத்தைக் கெடுக்கும், முட்டையும் மணக்கும். சந்தையில் லீக்ஸ் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடைப்பதால்தான் இதைச் சொல்கிறேன். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடக் கூடாது. இப்பில் இப்பில் மரத்தின் இலையில் புரதம் அதிகம் என்றாலும் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, மொத்தத் தீனில் 5 சதவீதத்தைத் தாண்டினால் முட்டை குறையும். சிறிய அளவில் வளர்ப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடுவதே மேல். தேயிலைத் தூசியும் காய்ச்சிய தேயிலைச் சக்கையும் கோழித் தீன் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மருந்தடித்த இலைக்குத்தான். மரக்கறித் தோட்டங்களில் பூச்சி மருந்தும், தேயிலை மலைகளில் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். கோவாவின் வெளி இலைதான் அதிக மருந்தை வாங்கியது, கழிவாக வருவதும் அதுதான். மேலே கழுவினால் எல்லாம் போய்விடாது. யார் தோட்டம், கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்று கேட்டுத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் வாங்குங்கள். மலையில் புல் அறுப்பதென்றால் அந்த மலைக்கு மருந்து அடித்ததா என்று கங்காணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சரியாகக் கிடைக்காவிட்டால் அன்றைக்கு இலை வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கும் சோளமும் இதே வரிசைதான். மூடுபனியில் சாக்கு தரையைத் தொட்டாலே இரண்டு வாரத்தில் மணம் மாறிவிடும். அதில் உருவாகும் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் அழியாது. சாக்கைப் பலகைமேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

படி 5: எப்படிக் கொடுப்பது

டென்மார்க்கில் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு நேராகப் பொருந்தும். முட்டைக் கோழிகளுக்கு வழக்கமான தீனோடு கரட்டையோ புளிக்கவைத்த பசுந்தீவனத்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த கூட்டங்களில் இறகு கொத்தல் குறைந்தது, இறகுப் போர்வை நன்றாக இருந்தது. எதுவும் கொடுக்காத கூட்டத்தில் சாவு 15 சதவீதம் அளவுக்குப் போனது, கொடுத்தவற்றில் 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கரட் எந்த நோயையும் குணமாக்கியதாக யாரும் சொல்லவில்லை. கோழிகளின் அலகுக்கு வேலை இருந்தது, குடலுக்கு நார் கிடைத்தது.

அதனால் இலையை நறுக்கித் தொட்டியில் கொட்டுவதைவிடக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. முழுக் கோவாவைக் கயிற்றில் கட்டி, கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கீரையையும் கரட் தழையையும் கத்தையாகக் கட்டி இரண்டு மூன்று இடத்தில் தொங்கவிட்டால் வலுவில்லாத கோழிக்கும் பங்கு கிடைக்கும். கத்தை அசைந்துகொடுக்காமல் இறுக்கமாக இருந்தால் கோழி சிறு சிறு துண்டாகக் கிழித்துத் தின்னும். நீளப் புல்லைத் தரையில் போட்டால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும். போடத்தான் வேண்டுமென்றால் ஓர் அங்குலத்துக்கு நறுக்குங்கள். கூட்டை விட்டு வெளியே போகாத கோழிக்கு இலையை அரைக்கச் சிறு கல்லும் வேண்டும். ஆற்று மணலில் சலித்த பொடிக் கற்கள் ஒரு சட்டியில் இருக்கட்டும்.

நேரம் பிற்பகல் 2 அல்லது 3 மணி. அதற்குள் முட்டை போட்டு முடிந்திருக்கும், தீனும் பெரும்பாலும் தின்றிருக்கும். இறகு கொத்தல் அதிகமாக நடக்கும் சலிப்பான நேரமும் அதுதான். அளவு ஒரு கோழிக்குப் பச்சையாக 20 முதல் 25 கிராம், 20 கோழிக்கு அரைக் கிலோ. புதிதாகத் தொடங்குபவர்கள் கால் கிலோவில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டுங்கள். மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். ஈர இலை படுக்கையில் கிடந்தால் படி 1இல் செய்த வேலையெல்லாம் வீண்.

படி 6: இலைத்தூள்

முருங்கை கிடைக்கும் இடத்தில் காயவைத்துத் தூளாக்கி வைப்பது மழைக்காலத்துக்கு உதவும். காய்ந்த முருங்கை இலையில் 25 சதவீதத்துக்கும் மேல் புரதம் உண்டு. மொத்தத் தீனில் 5 சதவீதம் வரை சேர்க்கலாம். 10ஐத் தாண்டினால் கோழி தீனைக் குறைக்கும், முட்டையும் குறையும். 20 கோழிக்கு ஒரு நாள் தீன் 2.2 கிலோ என்று வைத்தால் 5 சதவீதம் 110 கிராம். அதற்கு ஏறக்குறைய அரைக் கிலோ பச்சை இலை வேண்டும். இதிலிருந்தே தெரியும், தினமும் செய்ய எவ்வளவு மரம் வேண்டும் என்று. ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்கள் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெயிலில் நேரே போட்டால் நிறச்சத்து போய்விடும். நிழலில், காற்றோட்டமாக, ஒரே படையாகப் பரப்புங்கள். பனிமூட்ட நாளில் அடுப்படிப் பரணில் புகை நேரே படாமல் வைக்கலாம். விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. தூளை மூடி இறுகிய தகர டின்னில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

படி 7: பூடு, மஞ்சள், கற்பூரவள்ளி

தீனில் வளர்ச்சிக்காக அன்ரிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுமையாக நிறுத்தியது. அதன்பிறகு மூலிகைச் சேர்க்கைகள் பற்றிய ஆய்வு பெருகியது. பூடு, மஞ்சள், ஓமம், ஓரிகானோ என்ற மேல்நாட்டு மூலிகை எல்லாவற்றையும் முட்டைக் கோழியில் பார்த்திருக்கிறார்கள். குடலிலுள்ள கெட்ட கிருமிகளைச் சற்று அடக்குவது, முட்டைக் கருவிலுள்ள கொழுப்பு கெடாமல் காப்பது போன்ற பலன்கள் சில ஆய்வுகளில் வந்திருக்கின்றன, சிலவற்றில் எதுவும் வரவில்லை. நன்றாகப் பராமரித்த கூட்டத்தில் வித்தியாசம் மிகக் குறைவாகவே தெரியும்.

செய்து பார்ப்பதென்றால் ஒரு கிலோ தீனுக்கு மஞ்சள் தூள் 5 கிராம், அல்லது நசுக்கிய பூடு 10 கிராம். மஞ்சளை முழுதாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள், கடைத் தூளில் மா கலந்திருக்கும் ஆபத்து உண்டு. கற்பூரவள்ளியில் ஓரிகானோவில் இருக்கும் அதே வகை எண்ணெய் இருக்கிறது, மலையகத்துச் சட்டியிலும் நன்றாக வளரும். பத்துப் பதினைந்து இலையை நறுக்கி மாஷில் கலந்தால் 20 கோழிக்குப் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாது. குடிதண்ணீரில் கலப்பதை நான் விரும்புவதில்லை. மணம் பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் அடுத்த நாளே முட்டை குறையும். வேப்பிலையைத் தினசரித் தீனாக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலையை முட்டைப்பெட்டியில் போடலாம்.

புழுதிக் குளியலையும் இதோடு சேர்க்கிறேன். கூரைக்குக் கீழே ஒரு பழைய டயரில் காய்ந்த மண்ணும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். பேனுக்கு நல்லது, கோழியும் அதில் புரண்டு படுப்பதை அவ்வளவு விரும்பும். இரவில் மட்டும் இரத்தம் குடித்துவிட்டுப் பகலில் கட்டையின் வெடிப்பில் ஒளியும் சிவப்புச் சிற்றுண்ணிக்கு மட்டும் இது போதாது. இரவில் டோர்ச் அடித்துக் கட்டையின் அடிப்பக்கம் பாருங்கள். இருந்தால் கட்டையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்ற வேண்டும்.

படி 8: இலைக்கு அப்பாற்பட்டவை

ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சலுக்கு எந்த மூலிகையும் இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு, அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். ஒரு லயத்தில் ஒரு வீடு மட்டும் போட்டால் மற்றக் கோழிகளுக்குப் பாதுகாப்பில்லை. எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக் கழிச்சலாக இருக்கலாம், அதற்குப் பூடு கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஒரே நாளில் இரண்டு கோழி செத்தால், கழுத்து திருகினால், வாய் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அவர் அன்ரிபயோட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 9: பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

ஒரு பழைய கொப்பியில் தினமும் மூன்று எண்களை எழுதுங்கள்: முட்டை, அதில் கீறல் விழுந்தவையும் ஓடு மெலிந்தவையும், தின்ற தீன். வாரத்துக்கு ஒருமுறை இரவில், கட்டையில் அடைந்திருக்கும்போது ஐந்து கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து, முதுகு, வால் அடி இந்த மூன்று இடத்திலும் இறகு இருக்கிறதா? நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா? உள்ளங்காலில் கறுத்த புண் உண்டா? பின்புறம் ஈரமாக ஒட்டியிருக்கிறதா? இறகு உதிர்வு எல்லாக் கோழிக்கும் ஒரே சமயத்தில் வந்தால் அது இறகு மாற்றும் பருவமாக இருக்கலாம். முதுகிலும் வாலடியிலும் மட்டும் உடைந்த இறகு தெரிந்தால் கொத்தல்தான்.

கூட்டை நடுவில் வலை போட்டுப் பிரிக்க முடிந்தால் 10 கோழிக்குப் புதிய சேர்க்கையைக் கொடுத்து, மற்ற 10க்குக் கொடுக்காமல் ஆறு வாரம் பாருங்கள். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தொங்கும் கோவாவையும் கரட்டையும் இந்தச் சோதனைக்காக எந்தப் பக்கமும் நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்தில் முட்டை, ஓடு, இறகு எதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தத் தூளை நிறுத்திவிட்டு, அதே காசுக்குச் சிப்பியும் காய்ந்த உமியும் வாங்குங்கள்.